புல்லியில் இருந்த கோடு

அந்தப் பிக்கப் என் ஷெட்டுக்கு மறுபடியும் வந்தபோது அதன் நிறம் மாறியிருந்தது. முன்பு நீலம். இப்போது வெள்ளை அடித்திருந்தார்கள். கதவு ஓரங்களில் மட்டும் பழைய நீலம் உரிந்து தெரிந்தது. ஓட்டி வந்த பெண் இறங்குவதற்குள் நான் நம்பர் பிளேட்டைப் படித்துவிட்டேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். ஒன்பது வருடங்களாகச் சிக்னலில் நின்றாலும் பஸ்ஸுக்கு நின்றாலும் பிக்கப் வண்டிகளின் நம்பரைப் பார்ப்பது என் வழக்கமாகியிருந்தது. இந்த நம்பர் எதிரே வந்துவிடக் கூடாதே என்றுதான் பார்ப்பேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, ஓசூருக்கு அந்தப் பக்கமிருந்து பூச்செடிகளைக் கொண்டுவந்து இங்கே பெங்களூர் அபார்ட்மெண்டுகளில் விற்கிறாள். பழைய வண்டியாக இருந்தாலும் சொந்த வண்டி வேண்டும் என்று இதை வாங்கியிருக்கிறாள்.

"காலையில ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது அண்ணா. ஸ்டார்ட் ஆனாலும் வெள்ளையா புகை அடிக்குது. சமமான ரோட்டுல பரவால்ல, மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. மூணு பேர் பார்த்துட்டாங்க. நாசில் மாத்தியாச்சு, பேட்டரி மாத்தியாச்சு. ஒருத்தர் டைமிங் செட் பண்ணாரு. அதுக்கப்புறம்தான் இன்னும் மோசம்."

"வேலை நிறைய இருக்கும்மா. வேற யார்கிட்டயாவது காட்டிக்கோ" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லண்ணா, எனக்குப் பயமா இருக்கு. போன வாரம் மேட்டுல நின்னுபோயி, லோடோட பின்னாடி உருண்டுடுச்சு. நல்லவேளை, பின்னாடி யாரும் இல்ல."

அதைக் கேட்ட பிறகு என்னால் அனுப்ப முடியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

அந்த வண்டி முதலில் ஸ்ரீராம்புரத்தில் ஷாமியானா பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் ஒருவருடையது. அப்போது ஷெட்டில் நான் தனியாக இல்லை. நானும் என் தம்பியும் இருந்தோம். எங்கள் அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் பெங்களூருக்கு வந்து, வேறு வேறு இடங்களில் வேலை பார்த்து, கடைசியில் லிங்கராஜபுரத்தில் சேர்ந்து ஷெட் போட்டோம். தம்பி நிதானமானவன். ஒரு நட்டை முறுக்கினால் அதன் தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைப்பான். நான் வேகமானவன். வாடிக்கையாளர்களிடம் பேசுவது, தேதி சொல்வது எல்லாம் என் பொறுப்பு. சொன்ன தேதிக்கு வண்டி போகாவிட்டால் திட்டு வாங்குவதும் நான்தான்.

அந்த நீலப் பிக்கப்பின் எஞ்சினைத் தம்பி முழுதாகப் பிரித்துப் பூட்டினான். டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரப்போகும் அந்தக் கணத்தில் பம்ப் டீசலைப் பீய்ச்ச வேண்டும். இதுதான் டைமிங். அதற்காக முன்பக்கம் மூன்று பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்து ஓடும். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி இருக்கும். மூன்று புள்ளிகளும் நேருக்கு நேர் வரும்படி பூட்ட வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனால் டீசல் முந்தி வரும், அல்லது பிந்தி வரும். பூட்டி மூடிய பிறகு, வெளியே எஞ்சின் தண்டின் முனையில் இருக்கும் சக்கரமான கிராங்க் புல்லியில், பிஸ்டனின் உச்சியைக் காட்ட வெட்டியிருக்கும் கோட்டை வைத்து ஒருமுறை சரிபார்த்து, பம்பைச் சிறிது இப்படியோ அப்படியோ திருப்பி முறுக்குவோம்.

வண்டி போக வேண்டிய நாளன்று காலை தம்பி ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தான். கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று நான் புல்லிக் கோட்டை வைத்துப் பார்த்தேன். பம்ப் ரொம்பவே முந்தியிருந்தது. கோட்டுக்கு ஒத்துவர வேண்டுமென்றால் பம்பை, அதன் நட்டுகள் நகரும் நீளத் துளையின் கடைசி வரை திருப்ப வேண்டியிருந்தது. அப்படியென்றால் தம்பி உள்ளே ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். திறந்து பார்க்க இன்னொரு நாள் பிடிக்கும். ஷாமியானாக்காரர் சாயங்காலக் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று வாசலில் உட்கார்ந்திருந்தார். பம்பின் மூன்று நட்டுகளையும் தளர்த்தினேன், பம்பைக் கடைசி வரை திருப்பினேன், முறுக்கினேன். தம்பி வந்ததும் அவனிடம் சொல்லவில்லை. அவன் தப்பை நான் சரிக்கட்டிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஐந்தாம் நாள், ஒக்கலிபுரம் பாலத்துப் பக்கத்து மேட்டில், நாற்காலிகள் நிறைந்த அந்த வண்டி இழுக்க முடியாமல் திணறி நின்றது. பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது. வண்டியோடு வந்த லோடுமேன் குதித்து, சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கக் குனிந்தார். கல் இருந்த கையின் மேலேயே சக்கரம் ஏறியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மறுநாள் ஷாமியானாக்காரர் ஷெட்டுக்கு வந்து கத்தினார். எங்கள் வரிசையில் இருந்த லேத்துக்காரர், பஞ்சர் கடைக்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் கூடிவிட்டார்கள். அவர் என் சட்டையைப் பிடித்தபோது நான் சொன்னேன்: "எஞ்சின் பூட்டினது நான் இல்ல. இவன்தான். ஒரு பல்லு தள்ளிப் போட்டுட்டான்."

தம்பி என்னையே பார்த்தான். "மூணு புள்ளியும் நேரா வெச்சுத்தான்ணா போட்டேன். என் கண்ணால பார்த்தேன்" என்றான்.

"பார்த்த லட்சணம் தெரியுதே" என்றேன்.

நான் பம்பைத் தொட்டதை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டியை வேறொரு ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். அங்கே ஏதோ செய்தார்கள். வண்டி நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒரு மாதத்தில் தம்பி ஷெட்டை விட்டுப் போய் டாக்ஸி ஓட்டினான். பேச்சு நின்றுபோனது. மூன்று வருடம் கழித்துக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது அந்த வண்டி என் ஷெட்டில் நின்றது. மூன்று நாள் அதோடு இருந்தேன்.

முதல் நாள் டைமிங்குக்குப் பக்கத்தில் போகவே இல்லை. டீசல் குழாயில் காற்று ஏறுகிறதா பார்த்தேன், ஏறவில்லை. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்தேன். வயசான எஞ்சினுக்கு நன்றாகவே இருந்தது. ஸ்டார்ட் செய்து புகையை முகர்ந்தேன். எரியாத டீசலின் கண் எரிக்கும் வாடை. எஞ்சின் சூடேறிய பிறகும் ஆக்சிலேட்டரை மிதித்தால் சோம்பல் முறிப்பதுபோல் மெல்ல எழுந்தது. டீசல் பிந்தி வருகிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

இரண்டாம் நாள் புல்லிக் கோட்டை வைத்துப் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. கோடு சரி என்றது, வண்டி தப்பு என்றது. பம்பின் மேல் டார்ச் அடித்தேன். அது துளையின் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் விட்ட அதே இடம். நடுவில் யார் யாரோ திருப்பி, கடைசியாக டைமிங் செட் செய்தவர் அதே கோட்டை நம்பி அதே இடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். முதுகில் யாரோ ஈரக் கையை வைத்ததுபோல் இருந்தது.

ஆனாலும் என் மனம் என்ன நினைத்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பல் தள்ளியது இன்னும் உள்ளே இருக்கிறது, திறந்தால் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நான் சொன்னது சரி என்று என் கண்ணால் பார்க்கும் ஆசையில்தான் புல்லியையும் முன்பக்கத்து மூடியையும் கழற்றினேன்.

மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்த பேக்கிங் கடையில் வாங்கியது இல்லை. கெட்டி அட்டையில் கத்தரிக்கோலால் வெட்டியது. எண்ணெயில் ஊறிக் கறுத்த அந்த அட்டையின் ஓர் ஓரத்தில் சிவப்பு மையில் பாதி எண் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பில் போடும் சர்ச் காலண்டர். அன்றைக்குக் கடைகள் மூடியிருந்ததால் தம்பி சுவரில் தொங்கிய பழைய காலண்டரை எடுத்து, தரையில் குந்தி உட்கார்ந்து வெட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டுவான். அப்படியென்றால் அவனுக்குப் பிறகு இந்த மூடியை யாருமே திறக்கவில்லை. உள்ளே இருப்பது அவன் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

எஞ்சினைக் கையால் சுற்ற ஆரம்பித்தேன். நடுவில் இருக்கும் சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கை வேறு என்பதால், மூன்று புள்ளிகளும் ஒன்றாக வரப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். முன்பெல்லாம் நான் கீழே படுத்துச் சுற்றுவேன், அவன் மேலே விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். "வருது... வருது... நில்லு" என்பான். இப்போது நானே சுற்றி, நானே எட்டிப் பார்த்து, மறுபடி சுற்றினேன். வெளியே பஸ் ஹாரன், எதிர்க் கடையில் கிரைண்டர் சத்தம், நல்ல வெயில். எத்தனையாவது சுற்றோ தெரியவில்லை. "நில்லு" என்று கேட்டது. காதுக்குப் பக்கத்தில், அவன் குரலில், கொஞ்சம் அலுப்போடு. கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எதிர்க் கடையில் யாராவது யாரையாவது சொல்லியிருக்கலாம். இன்றுவரை நான் போய்க் கேட்கவில்லை.

டார்ச்சை எடுத்துக் குனிந்தேன். மூன்று புள்ளிகளும் நேருக்கு நேர் நின்றன.

ஒருமுறை துடைத்துப் பார்த்தேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். பக்கத்துப் பற்களை எண்ணினேன். ஒரு பல்கூடத் தள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்ய முடியவில்லை.

மூன்றாம் நாள், கோடு ஏன் பொய் சொன்னது என்று தேடினேன். புல்லியைத் திரும்பப் பூட்டி, முதல் சிலிண்டரின் தலையில் டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு கம்பியை இறக்கி நிலையாகப் பிடித்துக் கட்டினேன். பிஸ்டன் மேலே வந்து கம்பியில் முட்டும்வரை ஒரு பக்கம் மெல்லச் சுற்றி, புல்லியில் சாக்பீஸால் ஒரு குறி. எதிர்ப்பக்கம் சுற்றி முட்ட வைத்து, இன்னொரு குறி. இரண்டு குறிக்கும் சரி நடுவில்தான் பிஸ்டனின் உண்மையான உச்சி. அந்த நடுவும் புல்லியில் வெட்டிய கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரல் அகலம் விலகியிருந்தன.

அந்தப் புல்லி ஒரே இரும்பு இல்லை. உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்க ரப்பர். ரப்பர் இற்றுப்போய், வெளி வளையம் உள் வட்டத்தின் மேல் வழுக்கி நகர்ந்திருந்தது. கோடு இருப்பது வெளி வளையத்தில். உள்ளே எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்க, வெளியே இருந்த கோடு மட்டும் இடம் மாறிப்போயிருக்கிறது. அதுவும் இன்று நேற்று இல்லை. மூன்று புள்ளிகளும் நேராக இருந்த அன்றே பம்பைக் கடைசி வரை திருப்பச் சொன்ன கோடு அது. தம்பி வைத்தது சரி. நான் திருப்பியதுதான் மேட்டில் வண்டியை நிறுத்தியது.

புதுப் புல்லி போட்டு, அதன் கோட்டுக்கு ஒத்துவரும்படி பம்பைத் திருப்பி முறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் வந்து, மண் நிரப்பிய தொட்டிகளோடு மேட்டில் ஓட்டிப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடு மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி கிளப்பினாள். வண்டி நிதானமாக ஏறியது.

"சூப்பர்ணா! என்ன பிரச்சினைன்னு யாராலயும் சொல்ல முடியல. நீங்கதான் கண்டுபிடிச்சீங்க" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி பொண்டாட்டி அதே லிங்கராஜபுரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். துணி ஃபாக்டரியில் செக்கிங் வேலை. ஆறு வருடத்தில் அவள் வீட்டுக்கு நான் போனது இரண்டு முறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வந்த நேரம் பார்த்துப் போனேன்.

"வாங்க மாமா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் தண்ணீரைக் குடிக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, கோடு, ரப்பர் என்றெல்லாம் அவளுக்கு விளங்கும்படி சொல்ல முயன்றேன். கடைசியில், "அவன் சரியாத்தான் போட்டிருந்தாம்மா. நான்தான் பம்பைத் திருப்பினேன். திருப்பினத யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை. "நீங்க பம்பைத் தொட்டது அவருக்குத் தெரியும் மாமா" என்றாள்.

"எப்படி?"

"நட்டு மேல பெயிண்ட் கோடு போட்டிருப்பாராமே. ஆக்சிடென்ட் ஆன அன்னிக்கே வண்டிகிட்ட போயி பார்த்திருக்காரு. கோடு உடைஞ்சு விலகி இருந்துச்சுன்னாரு."

"அப்ப ஏன் எதுவும் சொல்லல? அவ்ளோ பேர் முன்னாடி நான் திட்டினப்பகூட..."

"நானும் இதையேதான் கேட்டேன். 'அண்ணன் காரணம் இல்லாம தொட மாட்டான். நான் ஒருவேளை தப்பா போட்டிருப்பேன், அவன் பார்த்து சரி பண்ணியிருப்பான்'னாரு. அதுக்கப்புறம் அவருக்கே அவர் மேல சந்தேகம் வந்துடுச்சு மாமா. சாப்பிடும்போது திடீர்னு நிறுத்திட்டு, 'மூணு புள்ளியும் பார்த்தேனே, பார்த்தேன்தானே'ன்னு என்கிட்ட கேப்பாரு. எனக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரில காய்ச்சல் ஏறினப்பகூட அதான். நர்ஸம்மா என்ன புள்ளின்னு கேட்டாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்மேல் கோபத்தோடு செத்துப்போனான் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்தக் கோபத்துக்கு நான் பழகிப்போயிருந்தேன். அவன் என்னை நம்பியதால்தான் தன்னை நம்பாமல் போனான் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"என்கிட்ட சொல்லி என்ன மாமா? நான் அவரைச் சந்தேகப்பட்டதே இல்ல. அந்த வரிசைல எல்லார் முன்னாடியும்தான அவரைச் சொன்னீங்க? அங்க சொல்லுங்க. நானும் வரேன்."

அந்தச் சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஃபாக்டரி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்தாள். லேத்துக்காரரையும் பஞ்சர் கடைக்காரரையும் டீக்கடைக்காரரையும் நானே போய்க் கூப்பிட்டேன். என்னமோ விசேஷம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்ததும் லேத்துக்காரர் சங்கடத்தோடு, "இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? எப்பவோ ஆனது. பிடு, பிடு" என்று பாதிக் கன்னடத்தில் விட்டுவிடச் சொன்னார்.

"அவர் சொல்லி முடிக்கட்டும்ணா" என்றாள் அவள்.

முடித்தேன். பஞ்சர் கடைக்காரர் மட்டும், "நல்ல வேலைக்காரன் பா அவன்" என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன் மாமா" என்று பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையசைத்தாள்.

இன்னும் ஒருவர் பாக்கி இருந்தார். விரல்களை இழந்த லோடுமேன் இப்போது ஸ்ரீராம்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் காவல்காரர். மறுநாள் காலை போனேன். முகம் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னேன். அவர் பாதிக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உன் தம்பி எத்தினி வாட்டி என்னைப் பார்க்க வந்தான் தெரியுமா?" என்றார். "கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்கு அவன்தான் இட்டுனு போவான். ஒருநாள் என் கால்ல விழுந்து, நான்தான் காரணம்னு அழுதான். சரி போடா, மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். தப்பே பண்ணாதவன மன்னிச்சிருக்கேன் பாரு."

"நான் பண்ணினதுதான் எல்லாம்" என்றேன்.

"சொல்லிட்ட இல்ல." ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து இடது கையால் கேட்டைத் தள்ளித் திறந்து, கார் போன பிறகு சாத்திவிட்டு வந்தார். "உன்ன மன்னிக்கிறேன்னு இப்ப வாய் வரல பா. பொய் சொல்லக் கூடாது."

மறுபடி வரலாமா என்று கேட்டேன்.

"ரோட்டுல யார் வேணா நிக்கலாம்" என்றார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இரண்டு டீ வாங்கிப் போனால் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். மழை, மெட்ரோ வேலை, குடிதண்ணீர் லாரி பற்றிப் பேசுகிறோம். தம்பி பேச்சை நான் எடுப்பதில்லை. சில வாரம் அவரே எடுக்கிறார். கட்டு மாற்றப் போன வழியில் அவன் என்ன சொன்னான், எந்தக் கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தான் என்று. அந்த வருடங்களில் என் தம்பி எப்படி இருந்தான் என்பது எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். நான் நின்றுகொண்டு கேட்கிறேன்.